கூடிப் பேசுவதற்கும் ஒரு குறிக்கோள்

தோட்ட மக்கள் கூட்டத்திற்குப் புதியவர்கள் அல்லர். விடியற்காலைப் பெரட்டிலும், பால் நிறுக்கும் கொட்டகையிலும், கோயில் திருவிழாக் குழுவிலும், தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்திலும் பத்துப்பேர் சேர்ந்து ஒரு காரியத்தைப் பேசி முடிப்பது அவர்களுக்கு நன்கு பழகிய ஒன்று. ஆனால் மனத்தை வருத்தும் ஒரு துன்பத்தை, அதிலும் தம் சொந்த வீட்டுத் துன்பத்தை, நான்குபேர் நடுவில் வைத்துப் பேசி வழிகாண்பது என்றால் பெரும்பாலோர் தயங்குகின்றனர். "ஊரார் வாயில் விழவா?" என்று கேட்கின்றனர். அக்கேள்வி நியாயமானது, அதற்கான விடையைப் பின்னர்க் காண்போம்.

குழு ஆலோசனை என்பது யாது? ஒத்த தன்மையுள்ள துன்பம் கொண்ட ஏழெட்டுப்பேர், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவருடன், பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் வட்டமாக அமர்ந்து உரையாடுவதாகும். மதுப்பழக்கம், போதைப்பொருள், புகைப்பழக்கம், கணவனையோ மனைவியையோ இழந்த துயரம், ஓயாத அச்சம், அடங்காத கோபம் ஆகியவை இவ்வாறு பேசப்படுவன. மனநல மருத்துவரோ மனநல வல்லுநரோ நோய்க்குரிய முறையில் இதனை நடத்தும்போது அது குழுச் சிகிச்சை எனப்படுகிறது. இக்கட்டுரையில் நாம் அதன் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். அக்குழுவில் சேருபவர் தமக்கென்று ஒரு குறிக்கோளை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதே அது. இதனைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குறிக்கோள் இல்லாத குழு, சில வாரங்களில் வெறும் புலம்பல் மன்றமாகிவிடும். அல்லது வாய்ப்பேச்சில் வல்லவர் ஒருவரின் மேடையாகிவிடும்.

இம்முறையின் தொடக்கமே ஓர் எளிய குறிக்கோளில்தான் அமைந்தது. 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர் காசநோய் கண்ட ஏழைத் தொழிலாளர்களை ஒன்றுகூட்டினார். காசநோயைக் கொல்லும் மருந்து அக்காலத்தில் கிடையாது. ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1940களில்தான். ஓய்வு, தூய காற்று, நல்ல உணவு ஆகியவையே சிகிச்சை. பணம் படைத்தவர்கள் மலைப்பகுதிகளிலுள்ள காசநோய் விடுதிகளுக்குச் சென்றனர். ஏழைகளுக்கு அவ்வழி இல்லை. பிராட் அவர்களை வாரம் ஒருமுறை வரச்செய்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தார். எத்தனை மணி நேரம் வெளிக்காற்றில் ஓய்வெடுத்தார், என்ன உண்டார், உடல் வெப்பம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் நாள்தோறும் அதில் எழுதவேண்டும். கூட்டத்திற்கு வந்தவுடன் எடை பார்க்கப்படும். எடை கூடியவரைக் கண்டு மற்றவர்கள் மகிழ்ந்தனர். தாமும் கூட்டிக்காட்ட முயன்றனர்.

நேரத்தை மிச்சப்படுத்திப் பலருக்கு ஒரே சமயத்தில் பாடம் சொல்லவே பிராட் அவ்வகுப்பைத் தொடங்கினார். நாளடைவில் அவர் வேறொன்றைக் கண்டார். வெவ்வேறு இனத்தையும் சமயத்தையும் சேர்ந்த அந்நோயாளிகளை ஒரே துன்பம் ஒன்றாக்கியிருந்தது. அவ்வொற்றுமையே அவர்களுக்கு ஊக்கம் தந்தது. இன்று உலகெங்கும் நடைபெறும் குழுச் சிகிச்சைக்கு அவ்வகுப்பையே முன்னோடியாகக் குறிப்பிடுகின்றனர். இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. "நோய் குணமாகவேண்டும்" என்பதை அவர் வாரக் குறிக்கோளாக வைக்கவில்லை. அது எவர் கையிலும் இல்லாத ஒன்று. ஓய்வெடுக்கும் நேரமும், உண்ணும் உணவும், குறிப்பு எழுதுவதும் நோயாளியின் கையில் இருந்தன. அவற்றையே வைத்தார்.

விருப்பம் வேறு, குறிக்கோள் வேறு. "நான் நல்லவனாக வேண்டும்", "மனம் அமைதியடைய வேண்டும்", "குடியை விட்டுவிட வேண்டும்" என்பன யாவும் விருப்பங்கள். இவை தவறல்ல, இவற்றிலிருந்தே எல்லாம் தொடங்குகின்றன. ஆனால் நாளை காலையில் என்ன செய்யவேண்டும் என்பதை இவை கூறுவதில்லை. பால்மரம் வெட்டுபவருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். "தோட்டம் செழிக்கவேண்டும்" என்று சொல்லி எவரும் உளியை எடுப்பதில்லை. இன்று எந்த நிரை, எத்தனை மரம், பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவுவது என்பதே அவர் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டினைப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் மதுப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்பும் எட்டுப்பேர் ஒரு குழுவாகக் கூடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் நாற்பது வயதுடைய ஒருவர் முதற்கூட்டத்தில், "இனிமேல் தொடமாட்டேன், இது சத்தியம்" என்கிறார். கற்றறிந்த ஆலோசகர் இதனை உடனே பாராட்டிவிட மாட்டார். "எந்த நாளில் உங்களுக்கு அது மிகவும் கடினம்?" என்று கேட்பார். சம்பளம் வங்கிக் கணக்கில் சேரும் நாள் என்கிறார் அவர். "அன்று மாலை என்ன செய்வீர்கள்?" கடைப்பக்கம் போகமாட்டேன் என்கிறார். "அது செய்யாததைச் சொல்கிறது. என்ன செய்வீர்கள்?" இப்போது அவர் சிந்திக்கிறார். பணத்தை எடுக்கும்போது மனைவியும் உடன் வருவார். வீட்டுச் செலவுக்குரியதை அங்கேயே அவர் கையில் கொடுப்பேன். பின்னர் இருவரும் பட்டணத்தில் பொருள் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குள் வீடு திரும்புவோம் என்று முடிக்கிறார். சத்தியம் இப்போது குறிக்கோளாக மாறியிருக்கிறது. நிறைவேறியதா இல்லையா என்பதை அடுத்த வாரம் ஒரே சொல்லில் கூறிவிடலாம்.

அச்சமயம் எதிரில் அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர், "அண்ணே, சம்பள நாளைச் சொன்னீர்கள், மழைநாளைச் சொல்லவில்லையே?" என்கிறார். விடியற்காலையில் மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. வேலை இல்லை, வருமானம் குறைகிறது, நாள் முழுவதும் வெறுமையாகக் கிடக்கிறது. அவ்வெறுமையில்தான் முதற்குவளை ஊற்றப்படுகிறது என்பது அவ்விளைஞரின் சொந்த அனுபவம். படித்த ஆலோசகருக்கு இது தோன்றாமல் போகலாம். உடன் உழைப்பவருக்குத் தோன்றும். தனியாக ஆலோசகரைச் சந்திப்பதைவிடக் குழுவில் குறிக்கோள் அமைப்பதற்குள்ள சிறப்பு இதுவே என்பது நம் கருத்து. குழுவின் உதவியால் அவர் மழைநாளுக்கும் ஒரு வழியை எழுதிக்கொள்கிறார். அன்று காலை குழுவிலுள்ள ஒருவர் வீட்டிற்குச் சென்று தேநீர் அருந்துவது, பின்னர்க் காய்கறித் தோட்டத்திலோ வீட்டுப் பழுது பார்ப்பதிலோ நண்பகல்வரை ஈடுபடுவது என்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை நாம் அழுத்தமாகக் கூறவேண்டியுள்ளது. பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர், ஒரே நாளில் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கமும், வியர்வையும், படபடப்பும், குமட்டலும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். சிலருக்கு இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் அறிவு தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியத் தொடங்கும். இதனைக் கண்டு "பேய் பிடித்துவிட்டது" என்று வீட்டிலேயே கட்டிவைப்பதும், மறுபடியும் மதுவைக் கொடுத்து அடக்குவதும் தவறு. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இத்தகையவருடைய முதற்குறிக்கோள் "நாளை முதல் தொடமாட்டேன்" என்பதன்று. "இவ்வாரம் மருத்துவரைப் பார்ப்பேன்" என்பதே. நடுக்கத்தைக் கட்டுப்படுத்தி, படிப்படியாகக் குறைக்கப்படும் மருந்துகளும், பி1 வைட்டமினும் கொடுத்து அப்பழக்கத்தை ஆபத்தின்றி நிறுத்த மருத்துவர்களால் இயலும். குழு அதற்குப் பின்னர்த்தான்.

மலிவாகக் கிடைக்கும் போலி மதுவைப்பற்றியும் ஒரு சொல். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த மதுவை அருந்தி 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் கண்பார்வையை அழித்து உயிரையும் குடிக்கும். குடித்து அரைநாள் கடந்த பின்னரே அதன் கேடு தெரியும். பழக்கத்தை இன்னும் விடமுடியாதவர்கள்கூட, எங்கிருந்து வந்தது என்று தெரியாத புட்டியைத் தொடுவதில்லை என்பதைத் தம் முதற்படியாக வைத்துக்கொள்ளலாம். இதனைச் சிறு குறிக்கோள் என்று எவரும் இகழவேண்டாம்.

குறிக்கோளின் அளவைப்பற்றி இனிப் பார்ப்போம். பட்டையை அளவுக்கு மீறி ஆழமாகச் சீவினால் அன்று பால் கூடுதலாக வரலாம். ஆனால் உள்ளிருக்கும் வளர்பகுதி காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னர் அங்கே உளி வைக்க முடியாமற்போகும். குறிக்கோளும் அத்தகையதே. முதல் வாரத்திலேயே குடியையும், புகையையும், கோபத்தையும், கடனையும் ஒன்றாகத் தீர்க்கப் புறப்படுபவர் மூன்றாம் வாரம் குழுவிற்கு வருவதில்லை. மிகவும் எளிதான குறிக்கோளும் பயனற்றது. அது நிறைவேறினாலும் மனத்தில் பெருமிதம் பிறப்பதில்லை.

இவ்வளவைச் சரியாக அமைக்க ஒரு நல்ல கருவி உண்டு. 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் என்னும் இருவர், மனநல நிலையங்களில் பயன்படுத்துவதற்காக அதனை வகுத்தனர். ஒரே குறிக்கோளை ஐந்து படிகளாக எழுதிவைப்பதே அம்முறை. நடுப்படி, குறிப்பிட்ட காலத்திற்குள் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது. அதற்கு மேல் இரண்டு படிகள், எதிர்பார்த்ததைவிட நன்று. கீழே இரண்டு படிகள், எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

கணவரை இழந்து ஆறு மாதமாகியும் துயரத்திலிருந்து மீளாத ஒரு பெண்மணியை எண்ணிப்பார்ப்போம். வேலைக்குப் போகிறார், திரும்பியதும் கதவைச் சாத்திக்கொள்கிறார், எவருடனும் பேசுவதில்லை. இந்நிலையே அவருக்குக் கடைசிப்படி. ஆறு வாரத்திற்குள் வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது அக்கம்பக்கத்தார் ஒருவருடன் அரைமணி நேரம் அமர்ந்து பேசுவது நடுப்படி. வாரத்தில் ஒரு மாலை மட்டும் என்றால் அதற்கு ஒரு படி கீழே. மூன்று அல்லது நான்கு மாலை என்றால் ஒரு படி மேலே. கோயில் பூசைக்கு மற்றப் பெண்களுடன் சேர்ந்து பூக்கட்டச் செல்வது உச்சிப்படி. ஆறு வாரம் கழித்து, "எப்படி இருக்கிறீர்கள் அக்கா?" என்று கேட்டால், "என்னமோ இருக்கிறேன்" என்ற பழைய பதில் வருவதற்கு இடமில்லை. எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அவரே காட்டிவிடுவார். ஒரு மாலை மட்டும் பேசியிருந்தாலும் அது தோல்வி ஆகாது. கடைசிப்படியிலிருந்து ஒரு படி ஏறியிருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். நம் மக்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தும் என்று நாம் கருதுகிறோம். ஏனெனில் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று எண்ணும் வழக்கமே நம்மில் பலரை வீழ்த்துகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓர் ஏணியை வரைந்து, நிற்கும் படியில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

குறிக்கோள் யாருடையது என்பது மற்றொரு கேள்வி. மனைவி அழுததற்காகவும், நிர்வாகி எச்சரித்ததற்காகவும், நீதிமன்றம் ஆணையிட்டதற்காகவும் குழுவிற்கு வருபவர்கள் பலர். வந்த காரணம் எதுவாயினும் இருக்கட்டும். அவர்களிடம் பிறர் விரும்பும் குறிக்கோளைத் திணித்தால், தலையசைத்துவிட்டு வெளியே சென்று மறந்துவிடுவர். "உங்களை எவரும் வற்புறுத்தாவிட்டால், உங்கள் வாழ்வில் எதனை மாற்ற விரும்புவீர்கள்?" என்று நல்ல ஆலோசகர் கேட்பார். குடியைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவர், "என் மகள் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறாள்" என்று சொல்லக்கூடும். அங்கிருந்து தொடங்கலாம். மகள் அருகில் வந்து அமரவேண்டுமென்றால் மாலையில் தாம் எந்த நிலையில் வீட்டிற்கு வரவேண்டும் என்பதை அவரே கண்டுகொள்வார்.

தோட்டத்து வரலாற்றில் குடிக்கு எதிராகக் கூடிய கூட்டங்கள் முன்பும் உண்டு. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் எழுந்து கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் நடத்தியதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். அவ்வியக்கத்திற்கு ஒரே குறிக்கோள். அது எல்லாருக்கும் பொது. கடை மூடப்படவேண்டும் என்பதே அது. ஆலோசனைக் குழு அத்தகையதன்று. இங்கு எட்டுப்பேருக்கும் எட்டுக் குறிக்கோள்கள் இருக்கும். ஒருவர் மதுவை அறவே விடுகிறார். மற்றொருவர் மருத்துவரிடம் போகத் துணிகிறார். மூன்றாமவர் குடிக்கும் தந்தையுடன் சண்டையிடாமல் பேசப் பழகுகிறார். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கிய, குடியிலிருந்து மீள்பவர்களின் தோழமைக் குழு மட்டும் இதற்குச் சற்று வேறுபட்டது. ஆலோசகர் எவருமில்லாமல் பாதிக்கப்பட்டவர்களே அதனை நடத்துகின்றனர். உறுப்பினராவதற்குக் குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கு தேவை. வாழ்நாள் முழுவதையும் நினைத்து மலைக்காமல் இன்றைய ஒரு நாளைக் கடப்பதே அவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு.

ஆயினும் ஆலோசனைக் குழுவிலும் எல்லாருக்கும் பொதுவான சில உண்டு. முதற்கூட்டத்திலேயே அவற்றைப் பேசி ஒப்புக்கொள்ளவேண்டும். நேரத்திற்கு வருவது, குடித்துவிட்டு வராதிருப்பது, ஒருவர் பேசும்போது குறுக்கிடாதிருப்பது ஆகியவை அவை. எல்லாவற்றிற்கும் மேலானது இரகசியம் காப்பது. தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு நாம் இப்போது வருகிறோம். ஒரே வரிசை வீடுகளில், மெல்லிய சுவருக்கு அப்பால் வாழும் மக்களிடையே இரகசியம் நிற்குமா? சட்டம் ஆலோசகரைக் கட்டுப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்ற நிலைகளைத் தவிர அவர் வெளியே சொல்லக்கூடாது. உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துவது அவர்களுடைய வாக்கு மட்டுமே. ஆகவே உறவினர்களையும், கங்காணியையும் அவர்கீழ் வேலை செய்பவரையும் ஒரே குழுவில் சேர்க்காதிருப்பது நல்லது. பக்கத்துத் தோட்டத்துக் குழுவில் சேர்ந்துகொள்ள விரும்புபவரைக் கோழை என்று நினைக்கவேண்டாம். முதல் சில வாரங்களில் பேசத் துணியாதவர், "இன்று ஒன்றைச் சொல்வேன்" என்பதையே தம் குறிக்கோளாக வைத்துக்கொள்ளலாம்.

வழுக்கி விழுதலும் உண்டு. ஐந்து வாரம் தொடாதிருந்தவர் ஆறாம் வாரம் ஓர் உறவினர் திருமணத்தில் குடித்துவிடுகிறார். வெட்கத்தால் அடுத்த கூட்டத்திற்கு வராமலிருப்பதே உண்மையான இழப்பு. ஆதலால் "தவறினாலும் வருவேன்" என்பதையும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அவர் வந்தபின் குழு செய்யவேண்டியது இரண்டு. பழிக்காமல் கேட்பது ஒன்று. திருமண வீடு என்னும் இடம் அவருடைய திட்டத்தில் ஏன் இல்லை என்று ஆராய்ந்து சேர்ப்பது மற்றொன்று.

காலம் செல்லச் செல்லக் குறிக்கோள் மாறுவதும் இயல்பு. குழுச் சிகிச்சைபற்றி 1970ஆம் ஆண்டு வெளிவந்து இன்றும் மாணவர்கள் பயிலும் பெருநூலை எழுதிய இர்வின் யாலோம் என்னும் மனநல மருத்துவர் இதனை விளக்கியுள்ளார். துன்பம் தீர்ந்தால் போதும் என்று வருபவர்கள், சில மாதங்களில் பிறருடன் நெருங்கிப் பழகவும், மனத்திலுள்ளதை நேர்மையாகச் சொல்லவும், அன்பு செலுத்தவும் கற்க விரும்புகின்றனர். எனவே எட்டு வாரத்திற்கு ஒருமுறையேனும் எழுதிய குறிக்கோளை எடுத்துப் பார்த்து, முடிந்ததை அடித்துவிட்டுப் புதியதை எழுதவேண்டும்.

எல்லாருக்கும் குழு ஏற்றதன்று. தற்கொலை எண்ணம் மேலோங்கி நிற்பவரையும், இல்லாத குரல் கேட்பவரையும் முதலில் தனியாக மருத்துவரிடம் அழைத்துச்செல்ல வேண்டும். மனநெருக்கடியில் இருப்போர்க்காகச் சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டில் 15555 என்ற தொலைபேசி எண்ணைத் தொடங்கியது.

குழுவில் சேர விரும்புவோர் தம் வட்டாரத்திலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் விசாரிக்கலாம். போதைப்பொருள் தொடர்பானால் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தை அணுகலாம். ஆலோசகர் என்று கூறிக்கொள்ளும் எவரிடமும் பணம் கட்டுமுன், 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று கேட்பது உங்கள் உரிமை. அத்தகையோர் தம் பெயருக்குப் பின் கே.பி., பி.ஏ. என்னும் எழுத்துகளைக் குறிப்பர். தமிழில் பேசும் ஆலோசகர் உண்டா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். முதல்நாள் செல்லும்போது, உட்கொள்ளும் மருந்துகளை மறவாமல் எடுத்துச்செல்லுங்கள். எத்தனை நாளாகத் துன்பம், எந்நேரத்தில் மிகுகிறது, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவது பேசுவதற்கு உதவும்.